ஸ்பெயினின் தென்கோடியில் வலசை பார்ப்பது: காற்றையும் தண்ணீரையும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்

தெற்கு ஐரோப்பாவில் வலசைப் பறவைகளையும் ஈரநிலங்களையும் ஒரே பயணத்தில் பார்க்க எங்கே, எந்த மாதம் செல்லலாம், ஒரு வார விடுப்பு போதுமா, விலை உயர்ந்த கருவிகள் இல்லாமல் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் ஸ்பெயினின் தென்கோடியில் உள்ள காதிஸ் மாகாணம். மாதம் செப்டம்பர், அதிலும் முதல் பாதி. இலையுதிர் காலத்தில் அந்தப் பக்கம் தொடர்ந்து போய்வருகிறவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பறவைப் பட்டியலை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுப்பவர்களைவிட, அன்றைய காற்றையும் அந்த ஆண்டின் மழையையும் விசாரித்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அங்கே நிறையப் பார்க்கிறார்கள்.

ஸ்பெயினையும் மொராக்கோவையும் பிரிக்கும் ஜிப்ரால்டர் நீரிணை அதன் மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் அகலமே உடையது. காதிஸ் மாகாணத்தின் தரிஃபா ஊருக்கு மேலே உள்ள குன்றுகளில் நின்றால் எதிர்க்கரையில் மொராக்கோவின் ஜெபல் மூசா மலை தெளிவாகத் தெரியும். நாரைகளும் பருந்துகளும் கழுகுகளும் இறக்கையடித்து நெடுந்தூரம் பறப்பவை அல்ல. வெயிலில் சூடான தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றில் வட்டமிட்டு மேலேறி, அங்கிருந்து சறுக்கி, அடுத்த வெப்பக் காற்றைப் பிடித்து, இப்படியே வலிமையைச் செலவிடாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களைக் கடக்கின்றன. கடலின் மேல் அத்தகைய காற்று எழுவதில்லை. ஆகவே மேற்கு ஐரோப்பாவின் இந்தப் பெரும்பறவைகளில் பெரும்பாலானவை, தண்ணீர் மிகக் குறைவாக உள்ள அந்த ஒரு முனையை நோக்கிப் புனலில் ஊற்றியதுபோல் வந்து குவிகின்றன. சிறு பறவைகளின் கதை வேறு. இறக்கையடித்தே பறக்கும் கதிர்க்குருவிகளும் ஈப்பிடிப்பான்களும் பெரும்பாலும் இரவில், மத்தியதரைக் கடலின் நெடுகிலும் பரவலாகக் கடந்துவிடுவதால், நீரிணையில் நின்று அவற்றை எதிர்பார்ப்பதில் பொருள் இல்லை.

காற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கே இரண்டு காற்றுகள்தாம் வாழ்க்கையை நடத்துகின்றன: கிழக்கிலிருந்து வீசும் லெவாந்தே, மேற்கிலிருந்து வீசும் பொனியெந்தே. பொனியெந்தே வீசும் நாளில் பறவைகள் கிழக்கே ஒதுக்கப்படும். அன்று அல்ஹெசிராஸ் பக்கமுள்ள அல்காரோபோ கண்காணிப்பிடத்துக்கோ ஜிப்ரால்டர் பாறைக்கோ போக வேண்டும். லெவாந்தே வீசினால் அவை தரிஃபா பக்கம் ஒதுங்கும். அன்று தரிஃபாவுக்கு மேலே நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் கஸாய்யா கண்காணிப்பிடமே சரி. லெவாந்தே கடுமையாகிவிட்டால் கடக்கத் துணியும் பறவை அட்லாண்டிக் பக்கம் அடித்துச் செல்லப்படும் அபாயம் உண்டு என்பதால், அவை கடலோரம் வரை வந்து, பார்த்து, திரும்பிவிடுகின்றன. அத்தகைய நாளில் பயணிகள் பலர் ஏமாற்றத்துடன் விடுதிக்குத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் கூர்ந்து பார்க்க அதுவே மிக நல்ல நாள். ஒரு லெவாந்தே நாளின் பிற்பகலில், அறுவடை முடிந்த ஒரு வயலில் கரும்பருந்துகள் மண்ணோடு மண்ணாகப் படுத்திருந்தன. எல்லாம் காற்று வரும் திசைக்கு முகம் காட்டி, கழுத்தை உள்ளிழுத்து, கவட்டை வாலைத் தரையோடு அழுத்தியிருந்தன. காற்று ஒரு கணம் தணியும்போது ஒன்றிரண்டு எழுந்து இறக்கையை விரித்துப் பார்த்து, மறுபடியும் உட்கார்ந்துகொண்டன. வானத்தில் புள்ளியாகப் போகும் பறவையை, கண்ணின் நிறம் தெரியும் தொலைவில் அன்றுதான் பார்க்க முடிந்தது.

செங்கால் நாரைகளும் கரும்பருந்துகளும் ஜூலைக் கடைசியிலேயே தொடங்கி ஆகஸ்டில் கடந்துவிடுகின்றன. நாரைக் கூட்டங்கள்தாம் உங்கள் முதல் விருப்பம் என்றால் ஆகஸ்டின் வெயிலையும் விடுமுறைக் கூட்டத்தையும் பொறுத்துக்கொண்டு அப்போதே போங்கள். தேன்பருந்துகளுக்கு ஆகஸ்டின் கடைசி நாள்களும் செப்டம்பரின் முதல் வாரமும் உச்சம். காற்று ஒத்துழைத்தால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் போகும். சிறிய தலை முன்னே நீண்டு, வால் நீளமாக, இறக்கைகள் தட்டையாக விரிந்திருந்தால் அது தேன்பருந்து என்று கொள்ளலாம். செப்டம்பர் நடுவிலிருந்து பாம்புக் கழுகுகளும் சிறு கழுகுகளும் மஞ்சள்முகப் பாறுகளும் (பாறு என்பது பிணந்தின்னிக் கழுகு), அவற்றுக்குப் பின் கருநாரைகளும் வருகின்றன. அக்டோபர், நவம்பரில் பெரிய பாறுகளின் முறை. இளம் பாறுகள் கூட்டமாகக் கடற்கரைக்கு வந்து, கடலின் மேல் சிறிது தூரம் போய், உயரம் குறைவதை உணர்ந்து கரைக்குத் திரும்பி, அடுத்த நாளும் அதையே செய்யும். அவ்வளவு பெரிய பறவை அவ்வளவு தயங்குவதைப் பார்க்கும்போது அந்தப் பதினான்கு கிலோமீட்டரின் உண்மையான நீளம் புரிகிறது. வசந்தத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும்போது களைத்துப்போய் அலைமட்டத்துக்குத் தாழ்ந்து வரும் பாறுகளைக் கடற்காகங்கள் தாக்கித் தண்ணீரில் விழ வைப்பதும் உண்டு. இந்தக் கூட்டங்களுடன் ஆப்பிரிக்க இனமான ரூப்பெல் பாறும் சில வேளைகளில் வந்து சேர்வதால், ஒவ்வொரு பறவையையும் நிதானமாகப் பாருங்கள்.

இந்தக் கடப்பை மிக்ரெஸ் என்ற அறக்கட்டளை முறையாக எண்ணிவருகிறது. அதன் எண்ணும் திட்டம் 1997-இல் தொடங்கியது. பருவ காலத்தில் கண்காணிப்பிடங்களில் தன்னார்வலர்கள் நாள் முழுதும் நிற்பார்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போது இடைமறிக்காமல், ஓய்ந்த நேரத்தில் கேட்டால், நேற்று எந்தப் பாதையில் அதிகம் போனது என்பதை மனமுவந்து சொல்வார்கள்.

தரிஃபாவுக்கு வடமேற்கே லா ஹந்தா இருக்கிறது. ஒரு காலத்தில் ஸ்பெயினின் மிகப் பெரிய நன்னீர்ப் பரப்புகளில் ஒன்றாக இருந்த அந்த ஏரி, 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் வேளாண்மைக்காக முழுவதும் வடிக்கப்பட்டது. ஸ்பெயினில் கூடுகட்டிக் குஞ்சு பொரித்த கடைசிப் பெருங்கொக்குகள் 1950-களில் அங்கேதான் இருந்தன. ஏரியோடு அவையும் போயின. ஏரியின் பழைய விளிம்புக்கு அருகே, பெனாலூப் ஊரையொட்டி, தாஹோ தே லாஸ் ஃபிகூராஸ் என்ற பாறைக் குகை உண்டு. கற்கால மனிதர்கள் அதன் சுவரில் வரைந்தவற்றில் பறவைகளே மிகுதி: கான மயில்கள், பூநாரைகள், கொக்குகள். அந்த ஏரியில் என்ன இருந்தது என்பதற்கு அது ஒரு பழைய சான்று. இன்று அங்கே நெல்வயல்களும் வாய்க்கால்களுமே மிச்சம். ஆனாலும் தரை தாழ்ந்தது என்பதால் மழைக்குப் பின் தண்ணீர் தேங்குகிறது, வலசைப் பருந்துகள் இரைதேடி இறங்குகின்றன, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பெருங்கொக்குகள் வந்து தங்குகின்றன. ஏரியை மீட்க வேண்டும் என்று உள்ளூரில் பலர் பல ஆண்டுகளாகக் கோரிவருகிறார்கள். அந்த வயல்களின் நடுவே நின்றவர் எவரும் அந்தக் கோரிக்கையை மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அங்கிருந்து அரை மணி நேரத்துக்குள், லா பார்கா தே பெஹேர் என்ற இடத்தில், வழுக்கைத்தலை அரிவாள் மூக்கனின் கூட்டுக்குடியிருப்பு உண்டு. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன இப்பறவையை ஹெரெஸ் விலங்குக் காட்சிச்சாலையில் வளர்த்து வெளியில் விடும் திட்டம் 2003-ஐ ஒட்டித் தொடங்கியது. 2008-இல் அவை இயற்கையில் தாமாகவே கூடுகட்டின. வியப்பு என்னவென்றால், அவை தேர்ந்தெடுத்த பாறைச்சரிவு போக்குவரத்து மிகுந்த சாலைக்கு நேர் மேலே இருக்கிறது. கூடுகட்டும் பருவத்தில் சாலையோரத்தில் நின்றே, வெறுங்கண்ணால், சிவந்த வழுக்கைத் தலையையும் பிடரியில் சிலிர்த்து நிற்கும் இறகுகளையும் பார்க்கலாம். செப்டம்பரில் கூடுகள் காலியாக இருக்கும். அப்போது சுற்றுவட்டார மேய்ச்சல் நிலங்களில் தேடுங்கள்.

குன்றுகளெங்கும் காற்றாலைகள் நிற்பதைக் கண்டு உங்களுக்குக் கவலை எழும். நியாயமான கவலைதான், பாறுகள் அவற்றில் அடிபட்டு இறந்தன. பின்னர், பாறு நெருங்குவதைப் பார்ப்பவர் அந்த ஒரு காற்றாலையை மட்டும் நிறுத்தச் செய்யும் முறை கொண்டுவரப்பட்டது. அதனால் பாறுகளின் இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது, மின் உற்பத்தியில் ஏற்பட்ட இழப்போ ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆட்களை நியமிக்க மனமிருந்தால் இவ்வளவு செய்ய முடிகிறது.

இனி டோன்யானா. எல்லோரும் கேட்பது அதைத்தான். குவாதல்கிவீர் ஆறு கடலில் சேரும் இடத்தில் அமைந்த இந்தப் பெருஞ்சதுப்பு 1969-இல் தேசியப் பூங்காவானது, 1994-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆனால் செப்டம்பரில் நேராக அங்கே போய் நின்றால் வெடித்த களிமண்ணைத்தான் காண்பீர்கள். அது அழிவின் அடையாளம் அல்ல. குளிர்கால மழையில் நிரம்பி, வசந்தத்தில் குஞ்சுகளை வளர்த்து, கோடையில் வற்றுவதுதான் அந்தச் சதுப்பின் இயல்பு. கவலைப்பட வேண்டியது வேறொன்று. ஆண்டு முழுதும் வற்றக் கூடாத சாந்தா ஒலாய்யா குளம் 2022-இலும் 2023-இலும் முழுவதும் வறண்டது. வறட்சி ஒரு காரணம். நிலத்தடி நீரை உறிஞ்சுவது இன்னொரு காரணம். ஸ்பெயினின் ஸ்ட்ராபெரியில் மிகப் பெரும்பங்கு விளையும் உவெல்வா மாகாணத்தின் பிளாஸ்டிக் கூடாரங்கள் பூங்காவின் எல்லைவரை வந்துவிட்டன, அவற்றில் அனுமதியில்லாத கிணறுகளும் உண்டு. இதைத் தடுக்கத் தவறியதற்காக ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2021 ஜூனில் ஸ்பெயினுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2025 மார்ச்சின் பெருமழையில் சதுப்பு மறுபடியும் நிரம்பியபோது எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மேற்பரப்பு நிரம்பும் வேகத்தில் நிலத்தடி நிரம்புவதில்லை. அங்கே போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு எழுதுகிறேன்.

அப்படியானால் செப்டம்பரில் பறவைகள் எங்கே? மனிதர்கள் தண்ணீர் நிறுத்திய இடங்களில். ஆற்றின் மேற்கே இஸ்லா மயோர் சுற்றிலுமுள்ள நெல்வயல்கள், கிழக்கே பிராசோ தெல் எஸ்தே என்ற பழைய ஆற்றுக்கிளை, சான்லூகார் அருகே பொனான்சா உப்பளங்கள் ஆகிய மூன்றும் போதும். உப்பளத்தில் பூநாரைகளும் உள்ளான்களும், ஆற்றுக்கிளையின் நாணலில் நீலத் தாழைக்கோழிகளும் கிடைக்கும். அறுவடை தொடங்கியதும் டிராக்டர் சேற்றைப் புரட்டும் வயல்களில் நாரைகளும் கொக்குகளும் அரிவாள் மூக்கன்களும் சக்கரத்தின் பின்னாலேயே நடக்கும். அவை பொறுக்குவது பெரும்பாலும் 1974-இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட செந்நிற நன்னீர் இறாலை. அந்த இறாலும் நகரங்களின் குப்பைமேடுகளும் ஆண்டு முழுதும் உணவு தருவதால், செங்கால் நாரைகளில் பல இப்போது ஆப்பிரிக்காவுக்குப் போவதையே விட்டுவிட்டன. வறட்சி வந்தால் இந்த ஏற்பாடும் ஆட்டம் காணும். 2023-இல் அந்த வயல்களில் நெல் விதைக்கவே முடியாமல் போனது.

மலாகா மாகாணத்தின் ஃபுவென்தே தே பியெத்ரா உப்பு ஏரியையும் இதனுடன் சேர்த்தே நினைக்க வேண்டும். மழை பெய்த ஆண்டுகளில் ஐபீரியத் தீபகற்பத்தின் மிகப் பெரிய பூநாரைக் குடியிருப்பு அங்கே அமைகிறது. ஆனால் கோடையில் அந்த ஏரி சுருங்கும்போது பெற்றோர் பறவைகள் குஞ்சுகளுக்கு உணவு தேடி, நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள குவாதல்கிவீர் சதுப்புவரை இரவில் பறந்து போய் வருகின்றன. டோன்யானாவில் தண்ணீர் குறைந்தால் மலாகாவில் குஞ்சு பட்டினி கிடக்கும். செப்டம்பரில் ஏரி பெரும்பாலும் வெள்ளை உப்புத் தரையாக இருக்கும், ஆகவே அந்த மாதத்தில் அதற்காகத் தனியே ஒரு நாள் ஒதுக்க வேண்டாம்.

வேறு இடங்களும் இருக்கின்றன: பிரான்சின் கமார்க், கிரேக்கத்தின் எவ்ரோஸ் கழிமுகம், கூழைக்கடாக்களும் கிழக்கு ஐரோப்பிய நாரைகளும் கடக்கும் பல்கேரியாவின் புர்காஸ் ஏரிகள், வசந்தத்தில் தேன்பருந்து பார்க்க மெஸ்ஸீனா நீரிணை. ஒவ்வொன்றும் தனிப் பயணத்துக்கு உரியது.

ஒரு வாரத்தை நான் பிரிப்பதானால் நான்கு நாள்களைத் தரிஃபாவுக்குக் கொடுப்பேன், ஏனெனில் காற்று உங்கள் நாள்காட்டியைக் கேட்டு வீசாது. மற்றவை லா ஹந்தாவுக்கும் நெல்வயல்களுக்கும். ஊருக்குப் பேருந்து உண்டு, ஆனால் வயல்களுக்குக் கார் இல்லாமல் முடியாது. எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாகுலர் போதும். பருந்துகளைப் பொறுத்தவரை அதைவிடப் பெரியது கையை நடுங்க வைக்கும். முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் உப்பளத்தில் பயன்படும், இல்லாவிட்டாலும் குறையில்லை. கண்காணிப்பிடங்களில் நிழல் குறைவு, எனவே தொப்பியும் தண்ணீரும் வேண்டும். பறவைகள் வெப்பக் காற்று எழுந்த பின்பே கிளம்புவதால் விடியற்காலையில் குன்றுக்கு ஓடத் தேவையில்லை, அந்த நேரத்தை தரிஃபாவின் லான்சஸ் கடற்கரையில் உள்ளான்களுக்குக் கொடுங்கள். செப்டம்பரில் விடுப்புக் கிடைக்காவிட்டால் ஏப்ரல் கடைசியில் போங்கள்: தேன்பருந்துகள் திரும்பிவரும், பெஹேர் பாறையில் கூடுகள் நிறைந்திருக்கும், மழை பெய்த ஆண்டாக இருந்தால் எல் ரொசீயோ ஊரின் நடைபாதையில் நின்றே பூநாரைகளையும் கரண்டிவாயன்களையும் பார்க்கலாம். மழை பெய்யாத ஆண்டானால் எல் ரொசீயோவை விட்டுவிட்டு, பொனான்சாவின் உப்பளத்துக்கே போய்விடுங்கள்.