சாணி கரைக்கப் போவது யார்? பயோகேஸ் பற்றிச் சில கேள்விகள்

வெள்ளவத்தையில் நாலாம் மாடி பிளாட், வீட்டில் நாலு பேர். குசினிக் கழிவில் பயோகேஸ் எடுத்தால் சிலிண்டரை விட்டுவிடலாமா?

விட முடியாது. பயோகேஸ் என்பது காற்றுப் புகாத தொட்டியில் சாணத்தையோ கழிவையோ நுண்ணுயிர்கள் மக்கச் செய்யும்போது வரும் எரிவாயு. நாலு பேர் வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரைக் கிலோ கழிவு சேரும். அதில் வரும் வாயு ஒரு அடுப்பைக் கால் மணி நேரம், நன்றாக வந்தால் அரை மணி நேரம் எரிக்கும். தேத்தண்ணிக்குச் சரி, சோறு கறிக்குச் சிலிண்டர்தான். 2022இல் கேஸ் கியூவில் நின்ற எவருக்கும் இந்த ஆசை வரும், எனக்கும் வந்தது. பிளாட்காரர் எல்லாரும் சேர்ந்து கீழே ஒரு தொட்டி வைப்பதென்றால் யோசிக்கலாம், ஆனால் தேசிக்காய்த் தோல், எலும்பு, முட்டைக்கோது உள்ளே போகக்கூடாது என்று நாற்பது வீட்டுக்கும் சொல்லிக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும்.

கிளிநொச்சிப் பக்கம் எங்கள் ஊரில் முப்பது வீடு. கொழும்பில் இருக்கும் நாங்கள் காசு சேர்த்துப் பொதுவாக ஒரு பெரிய தொட்டி கட்டிக் கொடுக்கலாமா?

நல்ல மனசு, ஆனால் பெரிய தொட்டி வேண்டாம். முதலில் மாட்டை எண்ணுங்கள். கட்டி வளர்க்கும் மாடு நாளுக்குப் பத்துக் கிலோ சாணம் போடும் என்பார்கள். உங்கள் ஊர் மாடுகள் பகலெல்லாம் மேய்ச்சலில், பட்டியில் கிடைப்பது இரவுச் சாணம் மட்டும், ஆகவே பாதி என்று வையுங்கள். 25 கிலோ சாணம் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் வாயு தரும், அது இரண்டரை மூன்று மணி நேரம் ஒரு அடுப்பு எரியப் போதும். மாதம் முழுக்க இப்படிக் கிடைத்தால் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட ஈடு. ஆனால் சாணத்தைக் கரைக்கச் சம அளவு தண்ணீர் வேண்டும், தினமும் 25 லீற்றர், ஆவணி வெயிலில் கிணறு அடியில் கிடக்கும்போதும்.

அந்தத் தண்ணீரை யார் சுமப்பார்கள்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். விறகு பொறுக்கும் நேரமும் புகையும் மிச்சம் என்றால் அவர்களே கரைப்பார்கள். வாயு வேறு வீட்டுக்குப் போகிறதென்றால் ஏன் கரைக்க வேண்டும்? பொதுத் தொட்டிகள் நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான். நான் போன ஓர் ஊரில் திறப்பு விழாக் கல்வெட்டு பளபளவென்று இருந்தது, தொட்டிக்குள் மழைத்தண்ணீரும் தவளையும். வாயுவின் அழுத்தமும் மிகக் குறைவு, குழாய் நீள நீள அடுப்பில் நெருப்பு சோர்ந்துவிடும். பட்டியில் நாலைந்து மாடு உள்ள வீடுகளுக்கு மட்டும் தனித்தனித் தொட்டி, பட்டிக்கும் குசினிக்கும் நடுவில், அதுவும் முதல் வருஷம் இரண்டு வீட்டில் மட்டும். செலவில் ஒரு பங்கை வீட்டுக்காரரே போடட்டும். ஊரிலேயே ஒரு மேசனுக்கு வேலை பழக்குங்கள், குழாய் கசிந்தால் கொழும்பிலிருந்து நீங்களா போகப்போகிறீர்கள்? மாடில்லாத, வயல் மட்டும் உள்ள வீடுகளுக்கு வைக்கோலில் ஓடும் உலர் முறை ஒன்று இருக்கிறது, ஜா-எலவுக்குப் பக்கத்தில் ஏக்கலவில் உள்ள நேர்ட் (NERD) என்ற அரச பொறியியல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. அங்கே நேரில் போய்க் கேளுங்கள்.

சிலிண்டர் மாதிரி வெடிக்காதா?

சிலிண்டரில் வாயு அழுத்தி அடைத்திருக்கும், இதில் அப்படி இல்லை. கசிந்தால் பயம்தான், மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பாருங்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, துப்புரவாக்க என்று தொட்டிக்குள் இறங்குவது. உள்ளே மூச்சுக்குக் காற்றே இராது, காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து போய்விடுவார். இறங்கவே கூடாது.

தொட்டி நிரப்பிப் பத்து நாள். வாயு வருகிறது, நெருப்புப் பற்றவில்லை.

முதலில் வருவது பெரும்பாலும் கரியமில வாயு. திறந்து விட்டுவிடுங்கள், இரண்டு மூன்று கிழமையில் நீலமாக எரியும். நுவரெலியா என்றால் இன்னும் இழுக்கும், குளிருக்கு அந்த நுண்ணுயிர்கள் சோம்பேறிகள். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றினால் கொஞ்சம் உதவும்.

வெளியே வரும் கழிவுச் சாணத்தை என்ன செய்வது?

அது நல்ல உரம். 2021இல் அரசு இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தியபோது இது கையிலிருந்தவர்கள் கொஞ்சமாவது சமாளித்தார்கள். தண்ணீர் கலந்து கத்தரி, மிளகாய், வாழை அடியில் ஊற்றலாம். பச்சையாகத் தின்னும் இலைகளுக்கு மட்டும் வேண்டாம்.