டிசிபி இணைப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பிரவுசரில் முகவரியைத் தட்டியதும் சர்வர் உடனே பக்கத்தை அனுப்பிவிடுமா?

அனுப்பாது. ஐபி முகவரி (சர்வரின் எண் முகவரி) கிடைத்ததும், டேட்டா ஒழுங்காகப் போய்ச்சேர இரு கணினிகளும் பின்பற்றும் டிசிபி விதிமுறைப்படி, முதலில் மூன்று பாக்கெட்கள் (சிறு டேட்டாத் துண்டுகள்) போய்வர வேண்டும். இதுதான் 'ஹேண்ட்ஷேக்'. உங்கள் கணினி 'சின்' (SYN, இணைப்பு கேட்கும் பாக்கெட்) அனுப்புகிறது. அதில், அனுப்பப்போகும் டேட்டாவை எண்ணுவதற்கான ஒரு தொடக்க எண் இருக்கும், 1000 என்று வைத்துக்கொள்வோம். சர்வர் தன் எண்ணையும் (5000) சேர்த்து 'சின்-அக்' அனுப்பும்: "உன் 1000 வந்தது, அடுத்து 1001 அனுப்பு." நீங்கள் 'அக்' (ACK, ஒப்புதல்) அனுப்புகிறீர்கள்: "உன் 5000 வந்தது, அடுத்து 5001." அப்புறம்தான் டேட்டா. உண்மையில் இவை 32 பிட் எண்கள். வயர்ஷார்க்கில் (பாக்கெட்களைப் பிடித்துக் காட்டும் புரோகிராம்) 0 என்று தெரிந்தால் ஏமாற வேண்டாம், படிக்க வசதியாக அது தொடக்க எண்ணைக் கழித்துக் காட்டுகிறது.

அண்ணா, 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்', 'டைம்டு அவுட்' இரண்டும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. ரெஃப்யூஸ்ட் என்றால் பதில் வந்திருக்கிறது. பெரும்பாலும் அந்த மெஷின் உயிரோடு இருக்கிறது, அந்த போர்ட்டில் (ஒவ்வொரு சேவைக்குமான வாசல் எண்) கேட்க எந்த புரோகிராமும் இல்லை; அதனால் இணைப்பை மறுக்கும் 'ரீசெட்' அனுப்பிவிட்டது. டைம்டு அவுட் என்றால் பதிலே இல்லை. சின் வழியில் தொலைந்திருக்கலாம், ஃபயர்வால் (பாக்கெட்களை வடிகட்டும் தடுப்பு) சத்தமில்லாமல் விழுங்கியிருக்கலாம். லினக்ஸில் நெடுங்காலம் இருந்த அமைப்பில் 1, 2, 4 வினாடி என்று காத்திருப்பை இரட்டிப்பாக்கி 6 முறை மறுபடி அனுப்பும். கைவிட 127 வினாடி ஆகும். எந்த பாக்கெட் வரவில்லை என்று முதலில் பாருங்கள். அதற்கு முன் ஃபயர்வாலை அணைக்காதீர்கள்.

மூன்று எதற்கு? நான் கேட்டேன், அவர் சரி என்றார். இரண்டு போதாதா?

போதாது. நீங்கள் அனுப்பிய ஒரு சின் வழியில் எங்கோ தேங்கிவிட்டது. நீங்கள் வேறொன்று அனுப்பி, வேலை முடித்து, போய்விட்டீர்கள். பிறகு அந்தப் பழைய சின் சர்வருக்குப் போய்ச் சேருகிறது. இரண்டே படி என்றால், நீங்கள் கேட்காத இணைப்பைத் திறந்துவைத்து சர்வர் உட்கார்ந்திருக்கும். மூன்றாம் படி இருப்பதால், அதன் சின்-அக் உங்களிடம் வரும். "இது நான் கேட்டதில்லையே" என்று உங்கள் கணினி ரீசெட் அனுப்பும். கணினி வல்லுநர் ரே டாம்லின்சன் 1970-களில் ஆராய்ந்த சிக்கல் இதுதான். 1981-இல் வந்த டிசிபியின் தர ஆவணமான ஆர்எஃப்சி 793-இலும் படத்தோடு இருக்கிறது.

ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு பக்கமும் எண் சொல்லி, இரண்டுக்கும் ஒப்புதல் வேண்டுமென்றால் நான்கு அல்லவா வரவேண்டும்?

நல்ல வாதம். கணக்குப்படி நான்குதான். சர்வர் தன் ஒப்புதலையும் தன் எண்ணையும் ஒரே பாக்கெட்டில் வைப்பதால் மூன்றாகிறது. இரு பக்கமும் ஒரே நேரத்தில் சின் அனுப்பினால் நிஜமாகவே நான்கு பாக்கெட் போகும்; டிசிபி அதையும் அனுமதிக்கிறது.

இரண்டு பக்கமும் 0-விலிருந்து தொடங்கினால் எண்ணே சொல்ல வேண்டாமே!

பழைய இணைப்பின் பாக்கெட் புதியதற்குள் நுழைந்தால் எப்படிப் பிரிப்பீர்கள்? அதைவிட மோசம், வெளியாள் எண்ணை ஊகித்துப் பொய் பாக்கெட் அனுப்பலாம். பிஎஸ்டி யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் அது சாத்தியம் என்று ராபர்ட் மாரிஸ் 1985-இலேயே எழுதினார். 1994 கிறிஸ்துமஸ் அன்று கணினிப் பாதுகாப்பு நிபுணர் சுடோமு ஷிமோமுராவின் கணினிகளுக்குள் அந்த வழியில்தான் நுழைந்தார்கள். அதனால்தான் இன்று தொடக்க எண் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும் என்பது விதி.

பிங் போகிறது, சைட் திறக்கவில்லை.

பிங் (மெஷின் பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஐசிஎம்பி என்ற வேறு விதிமுறையில் போகிறது. டிசிபி போர்ட்டைத் தொடுவதே இல்லை. அந்த போர்ட்டைச் சோதியுங்கள்.

எனக்கும் டைம்டு அவுட் வருகிறது, என்ன செய்வது?

இரண்டாவது பதில்.

டைம்டு அவுட் வந்தது, ஃபயர்வாலை அணைத்தேன், சரியாகிவிட்டது சார்.

இப்போதே மறுபடி போடுங்கள். தேவையான ஒரு போர்ட்டை மட்டும், தேவையான முகவரிகளுக்கு மட்டும் திறங்கள்.

வைஃபை பாஸ்வேர்ட் மறந்துவிட்டது.

ரூட்டர் கொடுத்தவரைக் கேளுங்கள்.

குவிக் (QUIC) என்ற புதிய விதிமுறை வந்த பிறகு இந்த ஹேண்ட்ஷேக் தேவையில்லை என்கிறார்களே?

தேவைதான், வடிவம் மாறியிருக்கிறது. டிசிபியில் இணைப்புக்கு ஒரு சுற்று (பாக்கெட் போய்த் திரும்பும் பயணம்), டேட்டாவை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் 1.3-க்கு இன்னொரு சுற்று. 2021-இல் இணையத் தரநிலையான குவிக், யூடிபி (ஹேண்ட்ஷேக் இல்லாத எளிய விதிமுறை) மேல் ஓடி இரண்டையும் ஒரே சுற்றில் முடிக்கிறது. முன்பே பேசிய சர்வர் என்றால் முதல் பாக்கெட்டோடே டேட்டாவும் அனுப்பலாம். ஆனால் அந்த டேட்டாவை யாராவது பிடித்துத் திரும்ப அனுப்ப முடியும், அதனால் பணம் கட்டும் கோரிக்கையை அதில் வைக்காதீர்கள்.