வெளியே போனால் சரியாகிவிடும் தலைவலி

கேள்வி: கானாடுகாத்தானில் இருக்கிறோம். எனக்கு 63 வயது, கணவருக்கு 70. அவருக்கு பைபாஸ் ஆகி நாலு வருடம். பனிக்காலத்தில் லேசாக வீசிங்கும் வரும். போன குளிர்காலத்தை அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் மகன் வீட்டில் கழித்தோம். பழைய வீடு. பேஸ்மென்டில் பெரிய இரும்பு விறகு அடுப்பு இருக்கிறது. வீடு முழுக்க அந்தச் சூடுதான். முழங்கால் வலியால் படி ஏற முடியாது, இதமாகவும் இருக்கும் என்று அடுப்புக்கு அடுத்த அறையிலேயே எங்களுக்குப் படுக்கை போட்டான். தினமும் காலையில் இருவருக்கும் தலை கனத்துக் குமட்டும். மேல் அறையில் படுக்கும் பேத்தியும் சில நாள் "தலை வலிக்குது அப்பத்தா" என்பாள். பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போகும் சனிக்கிழமைகளில் மட்டும் மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் சரியாகிவிடும். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றான் மகன். விரலில் மாட்டிப் பார்த்ததில் ஆக்சிஜன் 98 இருந்தது. நவம்பரில் மறுபடி கூப்பிடுகிறான். போகலாமா? இங்கே ஏதாவது டெஸ்ட் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: ஆச்சி, உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது அந்தப் பெருமாள் கோயில் வரிதான். குளிர்தான் காரணம் என்றால் கோயிலுக்குப் போகிற நாளில் தலைவலி கூடியிருக்க வேண்டும். வீட்டுக்குள் இருப்பதைவிட வெளியேதான் குளிர் அதிகம். ஒரே வீட்டில் மூன்று பேருக்குத் தலைவலி, காய்ச்சல் இல்லை, சளி இல்லை, வீட்டை விட்டுக் கிளம்பினால் தெளிகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கார்பன் மோனாக்சைடு வாயுவை. கடிதத்தை வைத்துக்கொண்டு அதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது இல்லை என்று உறுதியாகும்வரை அந்தப் பேஸ்மென்டில் ஒரு ராத்திரிகூட படுக்கக் கூடாது.

இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் காற்றில் கொஞ்சம் கலந்திருந்தாலும் ராத்திரி முழுக்கச் சுவாசித்தால் ரத்தத்தில் நிறையச் சேர்ந்துவிடும். விரல் கருவியின் 98-ஐ நம்பாதீர்கள். சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு, ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறியதையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்து எண்ணி "நல்லாத்தான் இருக்கு" என்று காட்டிவிடும். சோதித்துப் பார்த்தது நல்ல எண்ணத்தில்தான். கருவிதான் இந்த வேலைக்கு ஆகாது.

அடுப்பில் என்ன நடந்திருக்கும்? உங்கள் பக்கத்தில் சீமைக்கருவேலை விறகை அடுக்கி, மேலே மண் பூசி, கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றை அடக்கி விடுவதால் விறகு கொழுந்துவிட்டு எரியாமல் நாள்கணக்கில் கனிந்துகொண்டே இருக்கும். காற்று போதாமல் இப்படிக் கனியும்போதுதான் இந்த வாயு அதிகம் கிளம்பும். ராத்திரி பத்து மணிக்கு அடுப்பு கொள்ளுமளவு விறகைத் திணித்து, விடியும்வரை தாங்கட்டும் என்று காற்றுத் துவாரத்தை இறுக்கி அடைத்தால், அந்த இரும்புப் பெட்டிக்குள் நடப்பதும் ஏறக்குறைய அதேதான். மூட்டம் ஊருக்கு வெளியே பொட்டலில் புகைகிறது, இது உங்கள் கட்டிலுக்கு அடுத்த அறையில். குளிர்நாட்டில் விறகு எரிக்கும் வீடுகளில் பலரும் செய்கிற வேலைதான் இது. உங்கள் மகனும் இப்படித்தான் செய்கிறாரா என்று கேளுங்கள்.

அடுப்பு பேஸ்மென்டில் இருப்பது சிக்கலை இன்னும் கூட்டுகிறது. சூடான காற்று மேலே ஏறி, மாடி ஜன்னல் இடுக்கு, கூரை இடுக்கு வழியாக வெளியேறும். அதை ஈடுகட்ட வீட்டின் அடித்தளம் எங்கிருந்தாவது காற்றை இழுக்கும். போதாக்குறைக்குச் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன், துணி காயவைக்கும் டிரையர் எல்லாம் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். புகைபோக்கி சூடாக இருக்கும்வரை புகை ஒழுங்காக மேலே போகும். விடியற்காலையில் அடுப்பு தணிந்து புகைபோக்கியும் ஆறியபின், மேலே போக வேண்டியது வீட்டுக்குள்ளேயே திரும்பி இறங்கலாம். அந்த நேரத்தில் வெறும் கங்குதான் இருக்கும், புகை நெடி இருக்காது. நெடி இல்லை, அதனால் பயமில்லை என்று நினைக்கிற நேரத்தில்தான் இந்த வாயு அதிகம். உங்கள் ஊர் வீடுகளில் வளவுக்கு நடுவே முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது, அடுப்படி பின்கட்டில். அங்கே விறகு எரித்துப் பழகிய கணக்கு இந்த மூடிய வீட்டுக்கு ஆகாது.

டெஸ்ட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இப்போது இங்கே எடுத்துப் பயனில்லை. சாதாரணக் காற்றைச் சுவாசித்தாலே ரத்தத்திலுள்ள இந்த வாயு நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஊர் திரும்பி இத்தனை மாதத்தில் சுவடே இருக்காது. அங்கே போய் மறுபடி காலைத் தலைவலி வந்தால், அன்று காலையே ஆஸ்பத்திரிக்குப் போய், "வீட்டில் விறகு அடுப்பு எரிகிறது, கார்பன் மோனாக்சைடு அளவு பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஃப்ளூ என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட வாய்ப்புண்டு. ரத்தப் பரிசோதனையில் அளவு தெரிந்துவிடும். மாஸ்க் வைத்துச் சுத்தமான ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்திலேயே பாதி இறங்கும். ஊருக்கு வந்தபின் உங்களில் யாருக்காவது புதிதாக மறதி, நடையில் தடுமாற்றம், காரணமில்லாத எரிச்சல் என்று ஏதாவது இருந்தால் மட்டும் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இந்த வாயு நன்றாகத் தாக்கிய சிலருக்கு நாள்கள், வாரங்கள் கழித்துக்கூட அப்படி வருவதுண்டு.

சரி, நவம்பரில் போகலாமா? தாராளமாகப் போங்கள். ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன் மகன் முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன. முதல் வேலை கார்பன் மோனாக்சைடு அலாரம். ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்குப் பக்கத்திலும் வேண்டும். புகை அலாரம் வேறு, இது வேறு. ஏற்கெனவே மாட்டியிருந்தால் பின்பக்கம் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் ஆயுள் உண்டு, பழசானால் சத்தமில்லாமல் சும்மா தொங்கிக்கொண்டிருக்கலாம். அடுத்தது, ஆள் வைத்துப் புகைபோக்கியைச் சுத்தம் செய்து, அடுப்பு எங்காவது கசிகிறதா, அதற்கு வெளிக்காற்று வரும் வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வருடா வருடம் செய்ய வேண்டிய வேலை இது. உள்ளே படியும் தார் போன்ற கசடு தீப்பிடித்தால் வீடே போய்விடும்.

விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் சுத்தமாக எரியும். அதை அளக்கச் சின்னக் கருவி கடையில் கிடைக்கும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் எதையும் உள்ளே போடக் கூடாது. சாம்பலை அள்ளி பேஸ்மென்டிலேயே வைக்கும் பழக்கமும் வேண்டாம். அதற்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். மூடி போட்ட இரும்பு வாளியில் வீட்டுக்கு வெளியே தள்ளி வைக்க வேண்டும்.

அப்புறம் உங்கள் படுக்கை. வாசல் நுழைந்ததும் வருகிற ஹாலில் ஒரு கட்டில் போடச் சொல்லுங்கள். முழங்காலுக்கும் படி ஏற வேண்டியிருக்காது. பேஸ்மென்ட் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியாவில் மண்ணிலிருந்து கசிந்து பேஸ்மென்டில் தேங்கும் ரேடான் என்ற வாயு அதிகம். பல வருடம் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம். உங்கள் தலைவலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்த வீட்டிலேயே வாழப்போகிறவர்கள் மகன் குடும்பம். ஒருமுறை சோதித்துப் பார்க்கட்டும்.

அலாரம் அடித்தால் எங்கே கசிகிறது என்று தேடிக்கொண்டு நிற்காமல், பேத்தியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வெளியே வந்து 911-ஐ அழையுங்கள். வெளியே பனி கொட்டினாலும் காருக்குள் உட்காரலாம். கார் நிற்பது மூடிய ஷெட்டுக்குள் என்றால் அது வேண்டாம். தீயணைப்புக்காரர்கள் சொல்லாமல் உள்ளே திரும்பக் கூடாது.

இதை இங்கேயும் நினைவில் வையுங்கள். கொடைக்கானல், ஊட்டி விடுதிகளில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகள் வந்திருக்கின்றன. பிள்ளை பெற்ற வீட்டில் கதவைச் சாத்திக் கங்கும் சாம்பிராணியும் போடுவதையும் நான் விரும்புவதில்லை.

உங்கள் கணவருக்குத் தனியாக ஒரு வார்த்தை. பைபாஸ் ஆன இதயத்துக்கு ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தாலும் நெஞ்சுவலி வரலாம். அங்கே நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் வயிற்று வாயுத்தொல்லை என்று ஓமத்தண்ணீர் கொடுத்து உட்காரவைக்காதீர்கள், அதற்கும் 911-தான். விறகுப் புகை வீசிங்கையும் தூண்டும் என்பதால் அடுப்புக் கதவைத் திறந்து விறகு போடும் நேரத்தில் அவர் அந்தப் பக்கம் இருக்க வேண்டாம். மூக்கு வறட்சிக்கு அடுப்பின்மேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைக்கலாம், மூக்கில் உப்புநீர் சொட்டு விடலாம். இன்ஹேலரை பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றிவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். போவதற்கு ஒரு மாதம் முன்பே இதய மருத்துவரிடம் காட்டி, மருந்துச் சீட்டை ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.