முகத்துக்குப் புது ஊசி, லேசர், கிரீம்: மலைநாட்டில் இருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

நான் தோல் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிற டொக்டர். பிறந்து வளர்ந்தது மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில். முக அழகுக்காக இப்போது வந்திருக்கும் ஊசி, லேசர், கிரீம் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன. சிலர் செய்வதற்கு முன்னால் கேட்கிறார்கள், சிலர் செய்துவிட்டுக் கேட்கிறார்கள். இரண்டாவது வகைக் கேள்விகளைப் படிக்கும்போது மனசு கஷ்டமாக இருந்தது. படத்தைப் பார்த்து நோய் சொல்ல முடியாது. அதனால் இங்கே சொல்வது பொதுவான விளக்கம்தான்.

ஹட்டனில் இருந்து ஓர் ஆசிரியை: டொக்டர் அக்கா, வைகாசியில் எனக்குக் கல்யாணம். ஒரு சலூனில் குளுட்டதயோன் சேலைன் ஆறு தரம் ஏற்றினால் நிறம் வெளுக்கும் என்று பெக்கேஜ் சொல்கிறார்கள். சீட்டுக் காசை எடுத்துக் கட்டலாமா?

கட்டாதீங்க தங்கச்சி. குளுட்டதயோன் நம் உடம்பே உண்டாக்கும் ஒரு பொருள். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் உருவாவதை அது கொஞ்சம் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் இரத்த நாளத்தில் ஏற்றினால் சில நிமிடங்களிலேயே இரத்தத்தில் அதன் அளவு இறங்கத் தொடங்கிவிடும். அதனால்தான் திரும்பத் திரும்ப ஏற்றச் சொல்கிறார்கள். நிறுத்தினால் பழைய நிறம் திரும்பிவிடும். தோலை வெளுக்க வைக்கும் ஊசியாக இதை அமெரிக்க மருந்து நிர்வாகம் அங்கீகரிக்கவில்லை. இந்த ஊசி அதிகம் புழங்கும் பிலிப்பைன்ஸில், ஈரல், சிறுநீரகம், நரம்பு பாதிக்கப்படலாம், தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமையும் வரலாம் என்று அந்நாட்டு மருந்து நிர்வாகமே எச்சரித்திருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். இதோடு பெரும்பாலும் விற்றமின் சீயையும் பெரிய அளவில் கலந்து ஏற்றுவார்கள். ஜீ6பீடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவருக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்தக் குறைபாடு தனக்கு இருப்பது பலருக்குத் தெரியாது. சலூனில் யாரும் இரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு ஏற்றுவதும் இல்லை.

உங்கள் நிறத்துக்கு ஒரு குறையும் இல்லை. கல்யாணத்துக்கு முகம் தெளிவாக இருக்க வேண்டுமா? இப்போதே சன்ஸ்கிரீன், இரவில் ஒரு மிதமான ரெட்டினொயிட் (விற்றமின் ஏ வகை) கிரீம், பரு இருந்தால் அதற்கு மருந்து. மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தால் வித்தியாசம் தெரியும். கர்ப்பத்துக்கு முயற்சி செய்யத் தொடங்கும்போது ரெட்டினொயிட்டை நிறுத்திவிட வேண்டும், மறக்காதீங்க. சீட்டுக் காசு உங்கள் குடும்பத்துக்கு இருக்கட்டும்.

தலவாக்கலை, 24 வயதுத் தம்பி: கன்னம் முழுக்கப் பருக் குழி. நம்ம இரத்தத்தையே எடுத்து முகத்தில் போடும் பீ.ஆர்.பி. சிகிச்சை வேலை செய்யுமா, அல்லது விளம்பரம்தானா?

வேலை செய்யும், ஆனால் தனியாக அல்ல. கையில் இரத்தம் எடுத்து, மெஷினில் சுழற்றி, பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் நுண் துணுக்கு) நிறைந்த பகுதியைப் பிரித்தெடுப்பார்கள். காயம் ஆற உதவும் வளர்ச்சிக் காரணிகள் அந்தப் பிளேட்லெட்டுக்குள் இருக்கின்றன. நுண்ணூசியால் தோலில் சின்னச் சின்னத் துளை போட்டு, அதோடு பீ.ஆர்.பி. சேர்க்கும்போது, வெறும் நுண்ணூசியை விடக் குழி கொஞ்சம் கூடுதலாக நிரம்புகிறது என்று பல சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. முழுசாக மறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. மாதத்துக்கு ஒரு முறை என்று மூன்று தொடக்கம் ஆறு முறை செய்த பிறகுதான் எவ்வளவு குறைந்தது என்று பார்க்கலாம்.

குழியின் வகையையும் பார்க்க வேண்டும். ஊசியால் குத்தினது போல ஆழமாக, ஒடுக்கமாக இருக்கும் குழிக்கு நுண்ணூசி அவ்வளவு உதவாது. அதற்குள் கடுமையான அமிலம் ஒரு துளி வைக்கும் முறை நல்லது. அலை அலையாக அமுங்கிய குழி என்றால், அடியில் இழுத்துப் பிடித்திருக்கும் நாரை ஊசியால் அறுத்துவிட வேண்டும். எல்லோருக்கும் ஒரே பெக்கேஜ் விற்கிற இடத்தில் இதெல்லாம் பார்க்க மாட்டார்கள்.

நம் மாதிரி மண்ணிறத் தோலுக்குத் தனியாக ஒரு ஆபத்து இருக்கிறது: எந்தக் காயமும் கறுப்பு அடையாளம் விட்டுவிட்டுப் போகும். கொழுந்து மலையில் அட்டை கடித்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீங்க. முகத்தில் லேசரைக் கூடுதல் சூட்டில் அடித்தாலும் அதுதான் நடக்கும். கார்பன் டையொக்சைட் லேசரை விட நுண்ணூசியில் இந்தக் கறுப்பு வருவது குறைவு. அதனால் உங்களுக்கு நான் முதலில் அதைத்தான் சொல்வேன். புதுப் பரு வந்துகொண்டிருந்தால் முதலில் அதை அடக்குங்கள், குழிக்குச் சிகிச்சை அதற்குப் பிறகு.

சுத்தம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு அழகு நிலையத்தில் இதே பீ.ஆர்.பி. நுண்ணூசிச் சிகிச்சையைச் செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. அந்த இடத்தை 2018இல் மூடினார்கள். விசாரணை விவரத்தை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் வெளியிட்டது. ஒரு தரம் பாவிக்க வேண்டிய பொருட்களை அங்கே திரும்பப் பாவித்திருந்தார்கள். ஆகவே ஊசி, குழாய், நுண்ணூசியின் முனை எல்லாமே உங்கள் கண் முன்னால் பக்கெட் உடைத்து எடுக்கப்பட வேண்டும்.

நுவரெலியா, வங்கி ஊழியர்: எக்ஸோசோம், சல்மன் மீன் ஊசி இரண்டும் கொரியாவில் இருந்து வந்த புதுசு என்கிறார்கள். எது நல்லது?

இரண்டையும் ஒன்றாக்கிப் பேச முடியாது. சல்மன் ஊசி என்பது சல்மன், ட்ரவுட் மீன்களின் விந்தில் இருந்து எடுத்துச் சுத்தப்படுத்திய டீ.என்.ஏ. துண்டுகள். ஆறாத புண்களுக்கு முன்பே பாவித்த பொருள்தான். கண்ணுக்குக் கீழே உள்ள மெல்லிய தோலுக்கு ஓரளவு உதவுவதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. நீண்ட காலத் தகவல் இன்னும் போதாது. மீன் ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

எக்ஸோசோம் வேறு கதை. உடம்பின் கலங்கள் (செல்கள்) வெளியே விடும் மிக நுண்ணிய பைகள் அவை, அதற்குள் கலத்துக்குக் கலம் போகும் சேதிகள் இருக்கின்றன. கருத்து அழகானதுதான், எனக்கும் இதில் பெரிய எதிர்பார்ப்பு உண்டு. ஆனால் போத்தலுக்குள் எவ்வளவு இருக்கிறது, எந்தக் கலத்தில் இருந்து எடுத்தது, எப்படிச் சுத்தம் செய்தது என்பது கம்பனிக்குக் கம்பனி மாறுகிறது. எக்ஸோசோம் ஊசி எதுவும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெறவில்லை. 2019இல் அங்கே மருந்து நிர்வாகம் பகிரங்க எச்சரிக்கையும் விட்டது. மேலே பூசும் அழகுசாதனமாக விற்கும் போத்தலை வாங்கி ஊசியில் ஏற்றுவதுதான் எனக்கு மிகவும் பயமான விஷயம். பூசுவதற்குச் செய்த பொருளும் தோலுக்குள் ஏற்றச் செய்த பொருளும் ஒரே சுத்தத் தரத்தில் இருக்காது. யாராவது ஊசியில் போடுகிறேன் என்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

பொகவந்தலாவை, கொழுந்து எடுக்கும் அம்மா ஒருவருக்காக மகள் கேட்கிறார்: அம்மாவுக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு. டவுன் கடையில் லேபல் இல்லாத டப்பாவில் ஒரு கிரீம் கொடுத்தார்கள். முதல் மாதம் முகம் பளபளவென்று வந்தது. இப்போது விட்டால் எரிகிறது, சிவக்கிறது, மங்கும் முன்னை விடக் கறுப்பு. லேசர் செய்யலாமா?

மகள், இந்தக் கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன். இது உங்கள் அம்மாவுக்கு மட்டும் நடந்ததில்லை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்த டப்பாவில் வலுவான ஸ்டீரொயிட் இருக்கலாம். முதலில் வெளுக்கும், பிறகு தோல் மெலியும், இரத்த நாளம் தெரியும், மயிர் முளைக்கும், விட்டதும் எரியும். பூசுவதை நிறுத்த வேண்டும், ஆனால் எரிச்சலைத் தாங்க முடியாமல் அம்மா திரும்பவும் அதையே எடுத்துப் பூசிவிடுவார். அதனால் டப்பாவையும் எடுத்துக்கொண்டு தோல் கிளினிக்குக்குப் போங்கள், எப்படிக் குறைத்து விடுவது என்று அங்கே சொல்வார்கள். இப்படிப்பட்ட சில கிரீம்களில் பாதரசமும் இருக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை அழகுசாதனத்துக்கு முன்பு வைத்த எல்லையே பத்து லட்சத்தில் ஒரு பங்குதான், பிறகு பாதரசம் சேர்த்த அழகுசாதனமே கூடாது என்று மாற்றிவிட்டார்கள். அந்தப் பழைய எல்லையையே எத்தனையோ மடங்கு தாண்டிய கிரீம்கள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் வெள்ளையாக்கும் கிரீம் பூசிய பலருக்குச் சிறுநீரக நோய் வந்தது 2023இல் செய்தியானது. அம்மாவுக்குக் கால் வீக்கம், சிறுநீரில் நுரை, கை நடுக்கம் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிரீம் ஒட்டியிருக்கும் என்பதால் அம்மா பாவிக்கும் துவாயும் தலையணையும் பிள்ளைகளிடம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது லேசர் வேண்டாம். மங்குக்கு லேசர் அடித்துக் கறுப்பு இரட்டிப்பாகி வருகிறவர்களை நான் பார்க்கிறேன். சூடும் மங்கைத் தூண்டும், விறகடுப்பு முன்னால் நிற்கும் நேரமும் அதில் அடங்கும்.

உயரம் கூடக் கூட வெயிலின் புற ஊதாக் கதிர் கூடும். 1,000 மீற்றருக்கு ஏறக்குறைய 10 சதவீதம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குளிர்கிறதே, பனிமூட்டமாக இருக்கிறதே, வெயில் எங்கே என்று நம் ஆட்கள் கேட்பார்கள். மெல்லிய மேகம் சூட்டை மறைக்கும், புற ஊதாக் கதிரில் பெரும் பங்கைக் கீழே விட்டுவிடும். நாள் முழுக்க மலையில் நிற்கும் அம்மாவுக்கு எந்தப் புதுச் சிகிச்சை செய்தாலும் இதைக் கவனிக்காவிட்டால் பணம் தண்ணீரில் போட்டதுதான்.

ஆகவே முதல் மருந்து அகலமான விளிம்புத் தொப்பியும் கன்னத்தை மறைக்கும் துணியும். காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூடும் இடம்) போகும் முன்னும், பகல் சாப்பாட்டுக்கு வரும்போதும் சன்ஸ்கிரீன் பூச வேண்டும், டப்பாவில் போட்டிருக்கும் எஸ்.பி.எப். (வெயில் தடுப்பு அளவு) 30க்குக் குறையாமல். முடிந்தால் தோல் நிறத்தில் வரும் வகையை வாங்குங்கள். அதில் உள்ள இரும்பு ஒக்சைட் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும், மங்குக்கு அது முக்கியம். தோல் ஆறிய பிறகு அசிலெய்க் அமிலக் கிரீம் தொடங்கலாம். ஹைட்ரோகுவினோன் நல்ல மருந்துதான், ஆனால் டொக்டர் பார்வையில் சில மாதத்துக்கு மட்டும். வருடக்கணக்கில் பூசினால் நீலக் கறுப்பாக மாறும், அதை எடுப்பது மிகக் கஷ்டம். மங்குக்குக் கொடுக்கும் டிரனெக்சாமிக் அமில மாத்திரை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. இரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால் அதைப் பார்மசியில் நேராக வாங்கிப் போடக் கூடாது. குடும்பத்திட்ட மாத்திரை எடுத்தால் அதையும் டொக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், ஹோர்மோனும் மங்கைக் கூட்டும்.

ஹப்புத்தளை: எனக்கு 26. இப்போதே போட்டொக்ஸ் போட்டால் பிறகு சுருக்கம் வராது என்கிறார்களே?

இப்போது தேவையில்லை. போட்டொக்ஸ் என்பது முகத் தசையைத் தளர்த்தும் ஊசி. மூன்று நான்கு மாதத்தில் வேலை முடிந்துவிடும், திரும்பத் திரும்பப் போட வேண்டும். அந்தக் காசுக்கு வருடம் முழுக்க சன்ஸ்கிரீன் வாங்குங்கள்.

கண்டி: உதட்டுக்குப் பில்லர் போட நினைக்கிறேன். ஊசியே இல்லாத பேனா மாதிரி ஒன்றால் என் சினேகிதி வீட்டிலேயே போட்டார்.

சினேகிதியிடம் இனிமேல் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஊசியில்லாப் பேனாவால் உதட்டுக்குப் போட வேண்டாம் என்று 2021இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. பில்லர் என்பது உதட்டைப் பருமனாக்க உள்ளே நிரப்பும் ஜெல், அது இரத்த நாளத்துக்குள் போனால் அந்த இடத்துத் தோல் செத்துப்போகும். மூக்கு, புருவ நடுவில் போடும்போது கண் பார்வையே போன சம்பவங்கள் இருக்கின்றன. ஹயலுரோனிக் அமிலப் பில்லர் என்றால் கரைக்கும் மருந்து உண்டு, ஆனால் அது அதே அறையில், அதே நிமிடம் கையில் இருக்க வேண்டும். போடப் போகிறவரிடம் அந்த மருந்தைக் காட்டச் சொல்லுங்கள். போட்ட பிறகு வெளிறிப் போவது, கடும் வலி, வலை மாதிரி நீலம் படர்வது எதுவாக இருந்தாலும் விடியும் வரை காத்திருக்காதீங்க.

பண்டாரவளை, ஓட்டோ ஓட்டும் அண்ணன்: முடி கொட்டுதுங்க டொக்டர். பீ.ஆர்.பி.?

ஆண்களுக்கு முன்னந்தலையில் கொட்டும் வகைக்கு பீ.ஆர்.பி. ஓரளவு உதவும். ஆனால் முதலில் தலையில் பூசும் 5 சதவீத மினொக்சிடில் மருந்தை ஆறு மாதம் பாவித்துப் பாருங்கள் அண்ணே, செலவு குறைவு, ஆதாரம் கூடுதல். முழுசாக வழுக்கையான இடத்தில் இரண்டும் வேலை செய்யாது.

நானுஓயா, ஒரு அம்மா: மகளுக்கு ஒன்பது வயது. அடுப்பில் சுடுதண்ணீர் கொட்டி முழங்கை உட்பக்கம் தழும்பு தடித்துவிட்டது. கை முழுசாக நீட்ட முடியவில்லை. லேசர் செய்தால் அழகாகுமா?

அம்மா, கை நீட்ட முடியவில்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம். அதை அழகுச் சிகிச்சை என்று நினைத்துத் தள்ளிப் போடாதீங்க. மூட்டில் தழும்பு இழுத்துப் பிடித்தால் பிள்ளை வளர வளர இறுகும். அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள், அங்கே காசு கட்டத் தேவையில்லை. அதுவரை சிலிக்கோன் ஜெல் அல்லது ஷீட், இறுக்கமான பட்டி, தினமும் கை நீட்டும் பயிற்சி. தடித்த இடத்துக்கு ஸ்டீரொயிட் ஊசி உண்டு. சின்னப் புள்ளி புள்ளியாக அடிக்கும் லேசரும் தீத்தழும்பை இளக்கும், ஆனால் அதை டொக்டர்மார் பார்த்து முடிவு செய்யட்டும். பிள்ளையை அரைக்கைச் சட்டை போட வெட்கப்பட வைக்காதீங்க.

பதுளை: முதுகில் வெளிறிய தேமல், பீ.ஆர்.பி. போட்டால் நிறம் வருமா?

முதலில் அந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பஞ்சால் தொட்டுப் பாருங்கள். மரத்திருந்தால் தொழுநோய் சந்தேகம், இலங்கையில் இன்னும் இருக்கிறது. மருந்து இலவசம், முழுசாகக் குணமாகும். உணர்ச்சி இருந்தாலும் தோல் கிளினிக்கில் காட்டிய பிறகுதான் வேறு எதுவும்.

கொட்டகலை: டவுனில் இருக்கும் கிளினிக் சரியானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஊசி போடுபவர் டொக்டரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முழுப்பெயர் வாங்கி இலங்கை மருத்துவ சபையின் பதிவில் தேடிப் பாருங்கள். அழகுக்கலை டிப்ளோமா வைத்திருப்பவர் பேசியல் செய்யலாம், தோலுக்குள் மருந்து ஏற்றக் கூடாது. மருந்துப் போத்தலை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லி, லேபலைப் போனில் படம் எடுங்கள். தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில் பதிந்த மருந்தா என்று கேளுங்கள். ரேடியோ அலையோடு நுண்ணூசி செய்வதாக இருந்தால் கூடுதல் கவனம்: தீக்காயம், கொழுப்புக் கரைந்து முகம் குழிவது, நரம்புச் சேதம் என்று முறைப்பாடுகள் வந்ததால் 2025 ஒக்டோபரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. கேள்வி கேட்டதற்கே கோபப்படும் இடத்தில் உங்கள் முகத்தைக் கொடுக்க வேண்டாம்.

காசு இல்லாதவர்கள் கண்டி, பதுளை, நுவரெலியா அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிகளின் தோல் கிளினிக்குக்கு ஓ.பீ.டீ. (வெளிநோயாளர் பிரிவு) வழியாகப் போகலாம். அழகு ஊசி அங்கே கிடைக்காது. மங்கு, பரு, தழும்பு, தேமல் எல்லாவற்றுக்கும் நிபுணர் பார்ப்பார்.

லிந்துலை: ஒன்லைனில் வாங்கிய ஊசி ரோலரை வீட்டில் உருட்டலாமா?

வேண்டாம். ஊசி முனை மழுங்கித் தோலைக் கிழிக்கும், பரு இருந்தால் கிருமியை முகம் முழுக்கப் பரப்பும். அக்காவும் தங்கச்சியும் ஒரே ரோலரைப் பாவிக்கிறோம் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீங்க. இன்றைக்கே நிறுத்துங்கள். ஈரல் அழற்சி பீ, சீ வைரசுகள் இப்படித்தான் ஆளுக்கு ஆள் போகும். உருட்டும்போது இரத்தம் வந்திருந்தால் இரண்டு பேரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.