ரைன்ஹார்ட் எடுத்தும் தோற்கிறீர்களா?

ஐந்து பேர் கொண்ட அணிகள் மோதும் ஓவர்வாட்ச் 2 வீடியோ கேமில் ரைன்ஹார்ட், விடோமேக்கர், டிரேசர், ஆனா, மெர்சி எடுத்துத் தொடர்ந்து தோற்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். ஐந்துமே நல்ல ஹீரோக்கள்தான், ஆனால் ஐந்து பேரும் ஒரே சண்டையைப் போடவில்லை. ரைன்ஹார்ட்டின் சுத்தியல் கிட்டத்தில்தான் பேசும். அவர் கேடயத்தோடு முன்னேறும்போது விடோமேக்கர் துப்பாக்கியோடு எங்கோ தொலைவில், டிரேசர் எதிரியின் முதுகுப்பக்கம். கேடயத்துக்குப் பின்னால் நின்று அடிக்க ஆளே இல்லை.

முதலில் மெர்சிக்குப் பதில் லூசியோ எடுங்கள். அவருடைய வேகப் பாட்டில் எல்லோரும் ஒன்றாகப் பாயலாம். பெரிய மாற்றம் இதுதான். கூடவே விடோமேக்கர், டிரேசருக்குப் பதில், கிட்டத்தில் நின்று அடிக்கும் ரீப்பர், மே. ஆனா இருக்கட்டும்.

டிரேசரை விட மனசில்லையா? சரி, அப்போது டேங்க்கை, அதாவது முன்னால் நின்று அடி வாங்கும் ஹீரோவை மாற்றுங்கள்: ரைன்ஹார்ட்டுக்குப் பதில் வின்ஸ்டன். வின்ஸ்டன் யார் மேல் குதிக்கிறாரோ, அதே நொடியில் டிரேசரும் அந்த எதிரியையே அடிக்க வேண்டும். அப்புறம், உயரமான இடங்கள் நிறைய உள்ள வரைபடங்களில் ரைன்ஹார்ட்டைத் தவிருங்கள், பாவம், அவரால் சட்டென்று மேலே ஏற முடியாது.