ஊசி வரட்டும், மாத்திரையை விடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 56. ஹெபடைடிஸ் பி-க்கு டெனோஃபோவிர் சாப்பிட்டு வந்தேன். டி.என்.ஏ. தடுப்பூசி போட்டால் அடியோடு குணமாகும் என்று செல்போனில் பார்த்து, மூன்று வாரமாக மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லி குடிக்கிறேன். அந்த ஊசி மரபணுவை மாற்றிவிடுமா? பேரனுக்கு என் தட்டில் சோறு ஊட்டலாமா? ஓயாத வாயுத் தொல்லை வேறு. அண்ணன் ஈரல் புற்றுநோயில் போய்விட்டார்.
– வாசகர், ரங்கூன்

பதில்: நாளைக் காலையிலேயே உங்கள் மருத்துவரிடம் போங்கள். நிறுத்தியதை மறைக்காமல் சொல்லி, இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு மாத்திரையை மறுபடி தொடங்குங்கள். டெனோஃபோவிர் வைரஸை அடக்கி வைக்கிறது, அழிப்பதில்லை. ஈரல் செல்லின் உட்கருவில் அதன் மூலப்பிரதி அப்படியே கிடக்கிறது. மாத்திரையை விட்டால் சில வாரத்திலோ சில மாதத்திலோ அது கிளம்பும். ஈரல் திடீரென்று வீங்கிச் செயலிழக்கவும் கூடும். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, வாந்தியோடு தூக்கக் கலக்கமும் பேச்சுக் குழறலும் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. அப்போது கீழாநெல்லி அரைத்துக்கொண்டு உட்காராதீர்கள். 1988-ல் சென்னை ஆய்வொன்று அந்தச் செடியில் நம்பிக்கை காட்டியது உண்மைதான். மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

டி.என்.ஏ. தடுப்பூசி கட்டுக்கதை அல்ல. வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான மரபுக் குறிப்பைத் தசையில் செலுத்துவார்கள். நம் செல்லே அந்தப் புரதத்தைச் செய்து, வைரஸோடு போராடும் எதிர்ப்புச் செல்களான டி செல்களுக்குக் காட்டும். ஆண்டுக்கணக்கில் வைரஸைப் பார்த்துப் பார்த்துச் சோர்ந்துபோன டி செல்களை எழுப்புவதுதான் நோக்கம். எலிகளில் நல்ல பலன் தெரிந்தது. பிரான்சில் மாத்திரை சாப்பிட்டு வந்த 70 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2015-ல் வெளியானது. ஊசி போட்டுவிட்டு மாத்திரையை நிறுத்தினார்கள். வைரஸ் திரும்பி வருவதை ஊசியால் தடுக்க முடியவில்லை. நீங்களோ ஊசியே போடாமல் நிறுத்தியிருக்கிறீர்கள்!

ஊசியால் மரபணு மாறுமென்று பயப்பட வேண்டாம். சொல்லப்போனால், நம் மரபணுவுக்குள் புகும் பழக்கம் உங்கள் உடம்பிலிருக்கும் வைரஸுக்குத்தான் உண்டு. புற்றுநோய்க்கு அதுவும் ஒரு காரணம்.

தட்டால் தொற்றாது, ஊட்டுங்கள். சவரக் கத்தியும் பல்துலக்கும் பிரஷும் மட்டும் தனியாக இருக்கட்டும். பேரனுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று அவனுடைய தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். வாயுவுக்கு, மொஹிங்காவோடு (பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸ்) தின்னும் பருப்பு வடையைக் குறைத்துப் பாருங்கள்.

உங்களை உறுத்துவது அண்ணனின் சாவு என்று தெரிகிறது. மாத்திரை அந்த ஆபத்தைக் குறைக்கிறது, முழுக்க நீக்குவதில்லை. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் ஸ்கேன் எடுங்கள், நன்றாக இருந்தாலும். அண்ணன் பிள்ளைகளையும் உங்கள் பிள்ளைகளையும் ஹெபடைடிஸ் பி பரிசோதனைக்கு அனுப்புங்கள்.