பக்கத்து வீட்டு டெய்லரின் சம்பளம்

வணக்கம் ஐயா,

அவிநாசிக்கு அருகில் இருக்கிறேன். விசைத்தறி ஓட்டி என் மகனை பி.இ. மெக்கானிக்கல் படிக்க வைத்தேன். கல்விக்கடன் இன்னும் அடைபடவில்லை. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் அலுவலகத்தில் ஜூனியர் மெர்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவராக) இருக்கிறான். சம்பளம் 16,000 ரூபாய். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,800, இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) 120 போகக் கைக்கு வருவது 14,080. பக்கத்து வீட்டுக்காரர் டெய்லர், எட்டாம் வகுப்போடு நின்றவர். கான்ட்ராக்டில் ஷிப்டுக்கு 600 ரூபாய், தினமும் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை ஆனால் 5,400 ரூபாய் எண்ணி வாங்கி வருகிறார். அவர் மனைவியும் செக்கிங் வேலைக்குப் போகிறார். இப்போது இடம் வாங்கிவிட்டார்கள். படித்தவனுக்கு இந்த ஊரில் மதிப்பில்லை, தொழிலாளிக்கு மட்டும் கூலி ஏறிக்கொண்டே போகிறது. இது என்ன நியாயம்? மகனைத் தையல் பழகச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைக்கிறேன்.

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடன் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு தகப்பனின் கணக்கு இது. அதனால் நானும் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம். ஒன்றரை ஷிப்ட் என்றால் பன்னிரண்டு மணி நேரம். ஆறு நாளைக்கு 72 மணி நேரம் தைத்துத்தான் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அந்த 5,400 ரூபாயை வாங்குகிறார். மணிக்கு 75 ரூபாய். உங்கள் மகன் நாளுக்கு ஒன்பது மணி நேரம், மாதம் 26 நாள் வேலை செய்வதாக வைத்துக்கொண்டால் 234 மணி நேரம். 16,000 ரூபாயை அதில் வகுத்தால் மணிக்கு 68 ரூபாய் சொச்சம். மாதக் கணக்கில் ஏழாயிரத்துக்கு மேல் தெரிந்த வித்தியாசம், மணிக்கணக்கில் ஏழு ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது.

அந்த ஏழு ரூபாயும் நிற்காது. மகனிடம் பிடிக்கும் 1,800 ரூபாய் தொலைந்துபோன பணம் அல்ல, அவன் பெயரில் சேரும் பணம். நிறுவனமும் அதே அளவு தன் பங்காகக் கட்டுகிறது. அதில் 1,250 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்குப் போகும், மீதி சேமிப்பில் சேரும். இ.எஸ்.ஐ.க்கு அவன் கட்டுவது முக்கால் சதவீதம், நிறுவனம் கட்டுவது 3.25 சதவீதம், அதாவது 520 ரூபாய். இவற்றையும் கூட்டினால் அவனுக்காக நிறுவனம் மாதம் செலவிடுவது 18,320 ரூபாய். மணிக்கு 78 ரூபாய். கான்ட்ராக்ட் டெய்லருக்கு இந்த ஊரில் பெரும்பாலும் பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. அவர் கையில் எண்ணிய 5,400தான் மொத்தமும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தொட்டு இன்றைய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரை, கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பதுதான் விதி. எட்டு மணி நேரத்துக்கு மேல் தைக்கும் நான்கு மணி நேரத்துக்கு அவருக்கு 600 ரூபாய் வந்திருக்க வேண்டும். வருவது 300. நீங்கள் அதிகம் என்று நினைக்கும் சம்பளத்தில் நாளுக்கு 300 ரூபாய் குறைகிறது என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் பலரும் எண்ணிப் பார்ப்பதே இல்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

ஆர்டர் இல்லாத வாரங்களை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகள் திண்டாடின. அப்படி வேலை சுருங்கும்போது ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகும், சில நாள் அதுவும் இருக்காது. ஒரு ஷிப்ட் மட்டும் ஓடினால் அவருடைய வாரக் கூலி 3,600தான். மாதச் சம்பளக்காரருக்கு அந்த மாதமும் சம்பளம் வந்துவிடும்.

அந்த வீட்டில் இடம் வாங்கியதற்கு முக்கியக் காரணம் அந்த அம்மாள் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் அவருக்கு ஒரே ஒரு வரி. செக்கிங் டேபிள் முன்னால் நின்றபடியே நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் பனியனை விரித்து, தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை எங்கே என்று தேடி ஸ்டிக்கர் ஒட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டி, திருப்பிப் போட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஒரு கறை தப்பினால் ஏச்சு. இதற்கு டெய்லரைவிடக் குறைந்த ரேட். வீடு திரும்பியதும் சமையல் வேறு. இரண்டு பேர் உழைப்பை ஒருவனின் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் ஒருவன் தோற்கத்தான் செய்வான்.

அப்படியானால் 16,000 ரூபாய் போதும் என்கிறேனா? இல்லவே இல்லை. நான்கு வருடப் படிப்புக்கும் கடனுக்கும் அது போதாது. ஆனால் அதைக் குறைத்து வைத்திருப்பது பக்கத்து வீட்டுக்காரர் அல்ல. தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. பெரிய ஐ.டி. நிறுவனங்களே புதிதாகச் சேருபவருக்கு ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்பதைப் பத்தாண்டுக்கு மேலாகப் பெரிதாக நகர்த்தவில்லை. அங்கே இடம் கிடைக்காத பிள்ளைகள் நம் ஊர் அலுவலகங்களின் வாசலுக்கு வருகிறார்கள். வருகிறவனிடம் சொல்லப்படும் தொகைதான் சம்பளம். பேரம் பேச அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை.

டெய்லருக்குப் பின்னால் ஆள் இருக்கிறது. 1984-இல் விலைவாசிக்கு ஏற்ற பஞ்சப்படி கேட்டு இந்த ஊர்ப் பனியன் தொழிலாளிகள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசிக் கூலி ஒப்பந்தம் போடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. 2021-இல் போட்ட ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டுகளுக்கு 32 சதவீத உயர்வு, முதல் ஆண்டிலேயே 19. எல்லாக் கம்பெனியும் அதை அப்படியே கொடுக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டிங்குக்கு என்ன, தையலுக்கு என்ன, செக்கிங்குக்கு என்ன என்று எழுதிய ஒரு ரேட் இருக்கிறது. ‘அங்கே இவ்வளவு, இங்கே ஏன் குறைவு’ என்று டீக்கடையில் நின்றுகொண்டு அவர்களால் கேட்க முடிகிறது. பிடிக்கவில்லை என்றால் திங்கட்கிழமை வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். உங்கள் மகனுக்குப் பக்கத்து நாற்காலிக்காரரின் சம்பளம் என்னவென்று தெரியுமா? கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான அலுவலகங்களில் அதை வெளியே சொல்லக் கூடாது என்றே சேர்க்கும்போது சொல்லிவிடுகிறார்கள்.

கூலியும் சம்பளமும் ஏன் ஏறுவதில்லை என்பது மகன் தினமும் பார்க்கும் காஸ்டிங் ஷீட்டிலும் (விலைக் கணக்குத் தாளிலும்) இருக்கிறது. நூல், நிட்டிங், டையிங், பிரிண்டிங், தையல், பேக்கிங் என்று வரிசையாக விலை போட்டுத்தான் ஒரு டி-ஷர்ட்டுக்கு ரேட் சொல்கிறார்கள். வெளிநாட்டு பையர் குறைக்கச் சொல்வார். நூல் விலையை மில்காரர்கள் மாதாமாதம் அறிவிக்கிறார்கள், அதில் கை வைக்க முடியாது. சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவு போட்டாக வேண்டியது. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மிச்சம் இருப்பது தையல் கூலியும் அலுவலகச் செலவும்தான். பீஸுக்கு ஐம்பது பைசா குறைக்கச் சொல்லி உங்கள் மகனிடம்தான் அந்தத் தாள் திரும்பி வரும். குறைவது பக்கத்து வீட்டுக்காரரின் கூலி. அடுத்த வருடம் மகனுக்கு இன்கிரிமென்ட் இல்லை என்று சொல்லும்போதும் இதே விலையைத்தான் காரணம் காட்டுவார்கள்.

தையல் பழகுவது தாழ்வான காரியம் அல்ல. பழக விருப்பம் இருந்தால் பழகட்டும். மெர்சண்டைசருக்கு மெஷின் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் சம்பளத்துக்காக மாறுவதென்றால், வாரம் 72 மணி நேரத்துக்கு முதுகும் கண்ணும் எத்தனை வருடம் தாங்கும் என்பதை அந்த டெய்லரிடமே கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இப்போதைக்கு மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள். நியமனக் கடிதம் கையில் இல்லையென்றால் கேட்டு வாங்கட்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் தொகுப்பில் அது எல்லாப் பணியாளருக்கும் உரியது. பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து நிறுவனத்தின் பங்கு மாதாமாதம் ஏறுகிறதா என்று பார்க்கட்டும். ஒரு சீசன் ஆர்டரைத் தொடக்கத்திலிருந்து ஷிப்மென்ட் வரை தனியாகக் கையாண்டுவிட்டால், அதைச் சொல்லிச் சம்பள உயர்வு கேட்கட்டும், நான்கு கம்பெனியில் விசாரித்த தொகையோடு. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்த அம்மாளுக்கும் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்று நீங்கள் ஒருமுறை விசாரியுங்கள். இல்லையென்றால் எப்படிக் கேட்பது என்பதற்குத் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்.